ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு குடும்பங்களும் ஒரு சாவியும்

மூன்று முறை ஊதுகிறார். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, பிறகு பொதுவாக ஒரு நீண்ட ஊதல். ஸ்வெட்டரை விலக்கிச் சட்டைக் காலரின் உட்புறத்தால் துடைக்கிறார். கட்டைவிரல் அளவே உள்ள அந்தச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டைப் பழைய கம்ப்யூட்டரின் முதுகில், பிரிண்டர் ஒயர் செருகும் இடத்தில் செருகுகிறார். இடத்தைத் தேட அவருக்குக் கண் வேண்டாம், விரலே போதும். பிறகு பொத்தானை அமுக்கிவிட்டு விளக்குமாற்றை எடுக்கிறார். கம்ப்யூட்டர் கண் விழிக்க நான்கு நிமிஷம் ஆகும். கடையைப் பெருக்கி முடிக்கவும் நான்கு நிமிஷம்தான் ஆகும்.

பெருக்கி முடித்து நிமிரும்போது திரையில் ஒரு கட்டம் வந்து நிற்கிறது. “பூட்டுச் சாவி கிடைக்கவில்லை. நிறுவனத்தை அணுகவும்.” அதற்குக் கீழே ஒரு தொலைபேசி எண். அதற்கும் கீழே ஒரே ஒரு பொத்தான்: “சரி.” மாட்டேன் என்று சொல்லவோ, கொஞ்சம் பொறு என்று கெஞ்சவோ அங்கே வழி வைக்கவில்லை. கடைக்காரர் ஆசீர்வாதம் “சரி”யை அமுக்குகிறார். கட்டம் மறைகிறது, அதோடு புரோகிராமும் மறைகிறது. ஞாயிற்றுக்கிழமை நீங்கலாக, இரண்டு வருஷமாகத் தினமும் காலை எட்டரை மணிக்கு இந்த மனிதர் தன் வாழ்க்கையின் பெரிய நஷ்டத்துக்குச் சரி சொல்லிவிட்டுத்தான் கடை நடத்துகிறார்.

மூணாறு பஜாரில், ஆற்றுப் பக்கம் இறங்கும் படிக்கட்டின் ஓரத்தில் அவருடைய டி.டி.பி. கடை. இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவது ஆள் வந்தால் ஒருவர் எழுந்து படியில் நிற்க வேண்டும். வயது அறுபத்தொன்று. மே மாதத்திலும் கழற்றாத குரங்குக் குல்லாய், ஒரு காதில் நூல் கட்டிய கண்ணாடி. தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூன்றையும் இரண்டே விரல்களால் அடிப்பார். மற்ற எட்டு விரல்களும் வேடிக்கை பார்க்கும். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு விசிட்டிங் கார்டு எல்லாம் உண்டு. ஆனால் கடை ஓடுவது விண்ணப்பங்களால்தான். எஸ்டேட்டில் வாய் தமிழ் பேசுகிறது, ஆபீசில் தாள் மலையாளம் கேட்கிறது. நடுவில் உள்ள அந்தப் பள்ளத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர் ஆசீர்வாதம்.

ஒரு விசித்திரம் சொல்ல வேண்டும். எந்தக் கடைக்காரராவது தன் தொழில் ரகசியத்தை ஆணியில் மாட்டி வைப்பாரா? இவர் வைப்பார். குடிதண்ணீருக்கு ஒன்று, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க ஒன்று, பென்ஷனுக்கு ஒன்று என்று மாதிரி விண்ணப்பங்கள் வரிசையாகச் சுவரில் தொங்கும். கையில் பேனா உள்ளவர்கள் பார்த்து எழுதிக்கொண்டு போகலாம். “எழுதத் தெரிஞ்ச பிள்ள என்னத்துக்கு எங்கிட்ட வந்து நிக்கணும்? இந்தா, பாத்து நீயே எழுதிக்கிடு. தப்பா இருந்தா காட்டு, திருத்தித் தாரேன்” என்பார். பார்த்து எழுதிய சிலர் அதில் உள்ள பிழைகளைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்கள். அவற்றைத் திருத்தி மறுபடி மாட்டியிருக்கிறார். பத்துப் பேர் கண் பட்ட தாளில் பிழை தங்காது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த மனிதர்தான் இந்தக் காரியத்தையும் செய்தார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

காரியம் இதுதான். மூணாற்றைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலி, மதுரைப் பக்கமிருந்து மலை ஏறி வந்தவர்களின் பேரன் பேத்திகள். தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்த பிள்ளை இங்கே சாதிச் சான்றிதழ் வாங்க வேண்டுமானால், குடும்பம் 1950க்கு முன்பே மலைக்கு வந்துவிட்டது என்று காட்ட வேண்டும். காட்டுவதற்கு அந்தக் காலத்து மனிதர்களிடம் என்ன இருந்தது? ஒரு கம்பளி, ஒரு சட்டி. அவர்கள் வந்து போனதற்கு ஒரே எழுத்துச் சாட்சி எஸ்டேட் செக்ரோல், அதாவது வேலைக்கு வந்தவர்களின் பேர்ப் பதிவு. எந்த எஸ்டேட், எந்த டிவிஷன், எந்த வருஷம், எத்தனையாவது நம்பர் என்று நான்கையும் சரியாகச் சொன்னால் கம்பெனி ஆபீசில் பக்கத்தைத் திருப்பி நகல் கொடுப்பார்கள். “எங்க பாட்டன் பேரு நல்லமுத்து, தேடிப் பாருங்க” என்றால் முடியாது. ஒவ்வொரு செக்ரோலிலும் நல்லமுத்துகள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள்.

அந்த நான்கு விவரங்களையும் குடும்பம் குடும்பமாகச் சேர்க்கிற வேலையை ஆசீர்வாதம் 1996இல் தொடங்கினார். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. ஞாயிறு காலை கோயில் ஆராதனை முடிந்ததும் கையில் நோட்டோடு ஏதாவது ஒரு லயத்துக்கு நடப்பார். லயம் என்றால் தெரியும்தானே, ரயில் பெட்டி வரிசையில் நிற்கிற எஸ்டேட் வீடுகள். வெயிலுக்கு உட்கார்ந்திருக்கும் கிழங்களிடம் பேச்சுக் கொடுப்பார். எந்தக் கங்காணி கூட்டி வந்தான், போடி வழியா குமுளி வழியா, முதல் நாள் எந்த மலையில் கொழுந்து எடுத்தாய் என்று மெல்ல மெல்ல இழுத்து, அவர்கள் சொல்வதை வைத்து ஆபீசுக்குப் போய் பழைய செக்ரோல்களில் நம்பரைக் கண்டுபிடித்து எழுதுவார். அன்றைக்கு இருந்த ஆபீஸ் கிளார்க் அவருக்குக் கூட்டாளி, அதனால் உள்ளே விட்டார். அந்தக் கிளார்க்கும் இப்போது இல்லை. பதினாறு வருஷத்தில் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு குடும்பங்கள் சேர்ந்தன.

கேட்டு வந்தவர்களுக்கு அவரவர் குடும்பத்துச் சீட்டை அச்சடித்துக் கொடுத்தார். அதைக் கொண்டு சான்றிதழ் வாங்கி, படித்து, இன்று எங்கெங்கோ வேலையில் இருக்கும் பிள்ளைகள் பலர். கேட்காதவர்களின் சீட்டு உள்ளேயே இருந்தது. இரண்டாயிரம் ஆனதும் புத்தகமாகப் போட்டு ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு பிரதி கொடுப்பது என்று திட்டம். “இன்னும் நூத்தம்பதுதான் பாக்கி” என்பதை அவர் எத்தனை வருஷம் சொன்னார் என்று பஜாரில் கேலியே உண்டு. அந்த நூற்றைம்பது கடைசி வரை நிறையவில்லை, சொல்ல வேண்டிய கிழங்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

இதையெல்லாம் எதில் ஏற்றினார் என்பதுதான் கதை. 1999இல் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி, ‘எழில்மணி’ என்று ஒரு தமிழ்ப் புரோகிராம் விற்றது. எழுத்து அத்தனை அழகு. அடிப்பது, அட்டவணையாகச் சேர்ப்பது, அச்சடிப்பது எல்லாம் ஒன்றிலேயே. யாரும் நகலெடுத்துக்கொள்ளக் கூடாது என்று கூடவே அந்தச் சாம்பல் நிறச் சாவியைக் கொடுத்தார்கள். சாவி செருகியிருந்தால்தான் புரோகிராம் திறக்கும். அது மட்டுமல்ல, அதில் அடித்ததெல்லாம் அந்தச் சாவியின் எண்ணைக் கொண்டு கலைத்துப் பூட்டப்பட்டே சேமிப்பாகும். வேறு எந்தப் புரோகிராமிலும் திறந்தால் தலையும் காலும் புரியாத கிறுக்கல்தான் வரும். இது ஆசீர்வாதத்துக்கு அன்று பெரும் நிம்மதியாக இருந்தது. பூட்டு இருக்கிறது என்றால் பொருள் பத்திரமாக இருக்கிறது என்றுதானே நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்?

அந்த நிம்மதியில் இன்னொன்றும் செய்தார். கையெழுத்து நோட்டுகள் இருபத்து மூன்று இருந்தன. மலை ஈரத்தில் பூசணம் பிடித்து, பூச்சி அரித்து, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நிலை. ஒரு டிசம்பர் சாயங்காலம், லயத்து வாசலில் எல்லாரும் நெருப்பு மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தபோது அவற்றைத் தூக்கிக்கொண்டு போனார். “எல்லாம் மெசின்ல ஏறிட்டு. இனி செல்லுக்கும் பயமில்ல, எலிக்கும் பயமில்ல” என்று சொல்லி, ஒவ்வொன்றாக நெருப்பில் வைத்தார். எல்லாருக்கும் தன் செலவில் கட்டஞ்சாயா வாங்கிக் கொடுத்தார். அந்தச் சாயங்காலத்தை இப்போது யாராவது நினைவுபடுத்தினால் எழுந்து படியில் போய் நின்றுகொள்கிறார்.

ஜோஜோ மட்டும் அன்றே சொன்னான். ஜோஜோ பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். தொடுபுழைக்காரன், மூணாற்றில் கால் நூற்றாண்டு ஓட்டியதில் தமிழும் மலையாளமும் பிரிக்க முடியாமல் கலந்துவிட்ட நாக்கு. கேரளப் பள்ளிக்கூடங்களில் அப்போதே கட்டற்ற மென்பொருள்தான். அதாவது, புரோகிராமை எழுதியவர்கள் அதன் மூல வரிகளையே ஊருக்குத் திறந்து போட்டுவிடுவார்கள். யாரும் படிக்கலாம், திருத்தலாம், பக்கத்து ஆளுக்குக் கொடுக்கலாம். ஜோஜோ கடைக்கு வந்து, “அண்ணாச்சி, இதெல்லாம் நம்ம சாப்ட்வேருக்கு மாத்திப் போடுங்க. வெறுதே கிட்டும், பூட்டும் இல்ல சாவியும் இல்ல” என்று மன்றாடினான்.

“சும்மா கெடைக்கிற பொருளுக்கு யாரு பொறுப்பு?” என்றார் ஆசீர்வாதம். “நாளைக்கு ஒண்ணு கோளாறுன்னா நான் யாரு சட்டையைப் புடிக்க? கம்பெனி சாமான்னா ஒரு வெலாசம் இருக்குல்லா.”

விலாசம்! அந்த ஒரு சொல்லில் அவர் காலம் முழுவதும் இருக்கிறது. எஸ்டேட்டில் பிறந்தவருக்குக் கம்பெனி என்றால் வீடு, கூரை, ஆஸ்பத்திரி, பாஸ்புக். கம்பெனி பொய் சொல்லும், பிடித்தம் பிடிக்கும், ஆனால் காணாமல் போகாது. அப்படி நினைப்பதற்கு அவருக்குக் காரணம் இருந்தது. பேர் தெரியாத ஆயிரம் பேர் சேர்ந்து ஒரு பொருளைத் தாங்குவார்கள் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. தன் கடைச் சுவரில் ஆணியில் தொங்கிய தாள்களும் அதே கதைதான் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

இத்தனைக்கும் சமிக்ஞை வராமல் இல்லை. எழில்மணியில் ‘ஸ்ரீ’ எழுத்து அச்சில் உடைந்து வந்தது. கம்பெனிக்குக் கடிதம் எழுதினார், பதில் இல்லை. மூன்று வருஷம் எழுதினார். ஒவ்வொரு கல்யாணப் பத்திரிகையிலும் கறுப்புப் பேனாவால் தானே ‘ஸ்ரீ’யை ஒட்டுப் போட்டார். அதே சமயம் ஜோஜோவின் பள்ளிக்கூடத்து மெஷினில் ஒரு மலையாளக் கூட்டெழுத்து பிசகி வந்தபோது, திருச்சூரில் யாரோ ஒரு கல்லூரிப் பையன் மூல வரிகளைப் படித்துத் திருத்திப் போட்டான். அடுத்த வாரம் எல்லாருக்கும் சரியாக வந்தது. ஜோஜோ அதைக் கொண்டுவந்து காட்டினான். “நல்லாத்தான் இருக்கு” என்று ஆசீர்வாதம் ஒப்புக்கொண்டார், அதோடு விட்டுவிட்டார்.

2009இல் கம்பெனி மூடிவிட்டது. யாரும் தகவல் சொல்லவில்லை, தீபாவளி வாழ்த்து வரவில்லை என்பதிலிருந்து இவராகக் கண்டுபிடித்தார். விலாசத்தைத் தேடிக் கோயம்புத்தூர் போனார். அந்த மாடியில் பல் ஆஸ்பத்திரி இருந்தது. திரையில் இன்றும் வருகிற அந்தத் தொலைபேசி எண்ணைக் கூப்பிட்டால் ஒரு மாவு மில்லில் எடுக்கிறார்கள். முதலில் எரிந்து விழுந்தார்கள், இப்போது பழக்கமாகி, “என்னங்க, இன்னும் தெறக்கலீங்களா?” என்று விசாரிக்கிறார்கள். புரோகிராமை எழுதியவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்களோ. அவர்கள் எழுதிய வரிகள் எந்த அலமாரியில் கிடக்கின்றனவோ. கம்பெனி போகும்போது சாவியையும் கொண்டுபோகவில்லை, பூட்டையும் கழற்றிவிட்டுப் போகவில்லை.

ஆனாலும் சாவி வேலை செய்துகொண்டிருந்தது. பழைய கம்ப்யூட்டரை மரப்பெட்டிக்குள் வைத்து, ஈரம் தட்டாமல் நாற்பது வாட் பல்பு ஒன்றை உள்ளே எரியவிட்டு, சாவியை அரிசி போட்ட மாத்திரை டப்பாவில் வைத்துக் காப்பாற்றினார். “என்ன அண்ணாச்சி, முட்டை பொரிக்கவா?” என்று கேலி செய்தார்கள். “இப்பமாவது எல்லாத்தையும் பேப்பர்ல அடிச்சு வைக்கணும், ஞான் வந்து இருந்து மாத்தித் தரும்” என்று ஜோஜோ அலைந்தான். “இன்னும் நூத்தம்பது” என்றார் இவர்.

இரண்டு வருஷத்துக்கு முந்தின ஆடி மழை பதினேழு நாள் விடவில்லை. நான்கு நாள் கரண்ட் இல்லை, பெட்டிக்குள் பல்பு எரியவில்லை. ஐந்தாம் நாள் டப்பாவைத் திறந்தபோது சாவியின் ஊசிகளில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. அன்று காலை எட்டரை மணிக்குத்தான் அந்தக் கட்டம் முதன்முதலாக வந்தது.

பைல்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஏழு சி.டி.யில் நகல் எடுத்திருக்கிறார். மகள் வீட்டில் ஒன்று, பாஸ்டரிடம் ஒன்று, பாங்க் லாக்கரில் ஒன்று. ஏழு இடத்தில் பத்திரமாக இருக்கிறது, ஓர் இடத்திலும் படிக்க முடியாது.

ஜோஜோ அப்போதும் கைவிடவில்லை. ஒரு பைலை இணையத்தில் தன் கூட்டாளிகளுக்கு அனுப்பினான். முகம் தெரியாத நான்கைந்து பேர், எந்த ஊரோ, தங்கள் வேலையை விட்டுவிட்டு ஒரு மாதம் இதில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் ஜோஜோ வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். “அண்ணாச்சி, எப்படிப் பூட்டினாங்கன்னு அந்த மூல வரி நம்ம கையில உண்டெங்கில் அரை நாள் பணி. எங்க நம்பரை வெச்சாங்க, எப்படிக் கலைச்சாங்கன்னு படிச்சுப் பார்த்தா போதும். அத ஆர்க்கும் காட்டாம கொண்டுபோயிட்டாங்களே.” தன் லேப்டாப்பைத் திறந்து 2005இல் தயாரித்த கேள்வித்தாள் ஒன்றைக் காட்டினான். ஓர் எழுத்துக்கூடக் கலையாமல் திறந்தது. “இத உண்டாக்கினவங்களும் எப்பவோ விட்டுட்டுப் போயி. வரி வெளியில கிடந்துச்சு, அதுகொண்டு வேற ஆளுங்க எடுத்து நடத்துனாங்க. அவங்களும் விட்டா இன்னும் யாராவது எடுக்கும்.”

ஆசீர்வாதம் அந்தக் கேள்வித்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாம் வகுப்பு, ஓணப் பரீட்சை. யாருக்கும் வேண்டாத தாள். அது இருபது வருஷம் கழித்தும் திறக்கிறது.

“எனக்கு வெலாசம் வேணும்னுட்டு இருந்தேன் ஜோஜோ,” என்றார்.

பிரதீபா வந்தது போன வருஷம் ஜூனில். பிளஸ் டூவில் எஸ்டேட் பிள்ளைகளில் முதல் மார்க். நர்சிங் படிப்புக்கு இடம் கிடைக்கும், சாதிச் சான்றிதழ் வைத்தால். கடைசித் தேதிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. அவளுடைய தாத்தா இங்கேயே பிறந்தவர், ஆனால் பிறந்தது 1952இல். ஆகவே தாத்தாவின் அப்பா நல்லமுத்து வந்த வருஷத்தைக் காட்ட வேண்டும். தாத்தா இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

“மாமா, எங்க தாத்தா உங்ககிட்ட எல்லாம் சொல்லியிருக்காராம். அம்மா சொல்லிச்சு.”

“சொல்லியிருக்காரு பிள்ள. நல்லாச் சொன்னாரு.”

அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. நல்லமுத்து கழுகுமலைப் பக்கத்து ஆள். போடி மெட்டு ஏறும்போது கூடைக்குள் ஒரு சேவல் கொண்டுவந்தார். பாதி மலையில் கங்காணி அதைக் கேட்டான், கொடுக்கவில்லை. அதற்காகவே முதல் மாதம் அட்டை மிகுந்த மலையில் வேலை போட்டான். ஆசீர்வாதம் இதையெல்லாம் சொல்லச் சொல்ல, அந்தப் பிள்ளை கன்னத்தில் கை வைத்துக் கேட்டது. தன் பூட்டனைப் பற்றி அவளுக்கு இதுவரை ஒரு வரியும் தெரியாது. எல்லாம் சொல்லி முடித்து அவர் நிறுத்தினார்.

“நம்பரு மாமா?”

“கதையெல்லாம் நெஞ்சுல கெடக்கு தாயி. நம்பரத்தான் மெசின்கிட்ட குடுத்துட்டேன்.”

அவள் போகாமல் நின்றாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை, அழவில்லை. சுவரில் மாட்டியிருந்த மாதிரி விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், அதில் ஏதாவது ஒன்றில் தன் பூட்டன் இருந்துவிட மாட்டானா என்பதுபோல. ஆசீர்வாதத்தால் தாங்க முடியவில்லை. கண்ணை மூடி, அந்தப் பக்கத்தை நினைவில் கொண்டுவரப் பார்த்தார். மேலே எஸ்டேட் பேர், கீழே டிவிஷன், வலது ஓரத்தில் நம்பர். “நானூத்தி பன்னெண்டு. நாப்பத்தாறாம் வருசச் செக்ரோல்” என்றார். இத்தனை வருஷத்தில் தாளைப் பார்க்காமல் அவர் சொன்ன ஒரே நம்பர் அதுதான்.

எஸ்டேட் ஆபீசில் நல்ல மனிதர்கள்தான் இருந்தார்கள். பிள்ளை படிக்கிற விஷயம் என்று பரணிலிருந்து மூட்டையை இறக்கி, ஒரு வாரத்தில் அந்தச் செக்ரோலைக் கண்டுபிடித்துப் பிரித்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டில் ஒரு பெண்பிள்ளை பெயர் இருந்தது. அதற்கு மேல் எங்கே தேடுவது? ஏழு டிவிஷன், பத்து வருஷம், பாதி செல்லரித்த மூட்டைகள். அவர்கள் கையை விரித்த பிறகு தேதிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. ஆசீர்வாதம் அந்த ஒன்பது நாளும் கடையைச் சாத்திவிட்டு அந்தப் பரணில் ஏறி உட்கார்ந்தார். மூக்கில் துணி கட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகத் தேடினார். தும்மித் தும்மிக் கண் வீங்கியது. நல்லமுத்து நாற்பத்தொரு பேர் கிடைத்தார்கள். எந்த நல்லமுத்து சேவல் கொண்டுவந்தவர் என்று செக்ரோல் சொல்லாது.

தேதி முடிந்த மறுநாள் காலை எட்டரை மணிக்கு அவர் வழக்கம்போல மூன்று முறை ஊதினார், செருகினார், பெருக்கினார். கட்டம் வந்தது. “சரி”யை அமுக்குவதைப் பக்கத்து ஏலக்காய்க் கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னும் எதுக்கு அண்ணாச்சி இத கட்டிக்கிட்டு அழுவுதீக? தூக்கிப் போடுங்க” என்றார் அவர். “உள்ள ஆளு இருக்குய்யா,” என்றார் இவர். “ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தாறு வீட்டு ஆளு.”

இப்போதெல்லாம் கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கிடைக்காது என்ற செய்தி லயங்களில் பரவிவிட்டது. ஆணியில் தொங்கும் மாதிரித் தாள்களில் சாதிச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தை மட்டும் அவர் கழற்றி மேஜைக்குள் வைத்துவிட்டார். அந்தத் தாளில் “இணைப்பு: செக்ரோல் நகல்” என்று கடைசி வரி உண்டு. அதை எழுதியவரும் அவர்தான்.

பிப்ரவரியில் ஒரு நாள் மத்தியானம் பிரதீபா மறுபடி வந்தாள். தலையில் துண்டு, இடுப்பில் கொழுந்து எடுப்பவர்கள் கட்டுகிற பிளாஸ்டிக் தாள், நகக்கண்ணில் கறை. ஆதார் கார்டை நீட்டி, ரெண்டு காப்பி வேண்டும் என்றாள்.

“என்ன பிள்ள இது கோலம்?”

“அம்மா ஒடம்புக்கு முடியாம வேலைய விட்டுட்டுல்லா மாமா. வீட்டுல யாராவது வேலையில இல்லேன்னா லயத்த விட்டு எறங்கணும். எங்க போக? அம்மா எடத்துல என்னய எடுத்துக்கிட்டாங்க.” பிறகு ஏதோ நல்ல செய்தியைச் சொல்வதுபோலச் சொன்னாள்: “செக்ரோல்ல பேரு போட்டாச்சு.”

ஆசீர்வாதம் காப்பி எடுக்கும் மெஷினின் மூடியைத் தூக்கியவர், மூடாமல் அப்படியே நின்றார். அதன் வெளிச்சம் அவர் குல்லாயில் ஒரு தடவை ஓடி மறைந்தது.

“நம்பரு எத்தன?”

“நூத்தி எம்பத்தேழு.”

மேஜை இழுப்பறையைத் திறந்தார். சாவி செத்த வாரத்தில் வாங்கி, ஒரு வரிகூட எழுதாமல் வைத்திருந்த கோடு போட்ட நோட்டு ஒன்று உள்ளே இருந்தது. ஜெல் பேனாவைத் திறந்து, அவர் அட்டவணை போடுகிற அதே வரிசையில், கையால், எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாக எழுதினார். நல்லமுத்து, கழுகுமலைப் பக்கம், போடி மெட்டு வழி, சேவல். அவர் மகன். அவர் மகன். அவர் மகள் பிரதீபா. எஸ்டேட், டிவிஷன், வருஷம். செக்ரோல் எண் 187. எழுதி முடித்து, அடுத்த பக்கத்திலும் அதையே இன்னொரு முறை அப்படியே எழுதினார். அந்தப் பக்கத்தை அடிக்கோல் வைத்துக் கிழித்தார்.

வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மூணாற்று ஈரத்தில் மை சட்டென்று காயாது. அவளிடம் கொடுப்பதற்கு முன் அந்தத் தாளை முகத்தருகே தூக்கிப் பிடித்து, அவர் மூன்று முறை ஊதினார்.